தனியாக ஆடும் ஆட்டத்துக்கு யாருடைய அனுமதி?

(வடசென்னையில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நூலகக் கூட்டத்தில் வீடியோ கேமைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருள் வாங்கியவருக்குச் சொந்தமாக இருக்குமா, விற்றவர் நினைத்தபோது செத்துப்போகுமா என்பதுதான் இன்றைய பேச்சு. வீடியோ கேமில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்து நிற்கிறது. அங்கே நாம் சும்மா விட்டுவிட்டால் புத்தகத்திலும் படத்திலும் தொழிற்கூடத்து மென்பொருளிலும் அதே கதைதான் நடக்கும். அதனால்தான் இதைப் புத்தகங்களுக்கு நடுவே நின்று பேச வந்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் நம்மை ஒட்டிக் கடந்து போனது. எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும், படகிலும் வலையிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டதையும் இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்தது, கரண்ட் வந்தது. பல தெருக்களில் நெட் மட்டும் வரவில்லை. அந்த நாட்களில் எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கணினி முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கன்டெய்னர் யார்டில் பகுதி நேரமாக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய கார் பந்தய ஆட்டம். ஆட்டம் முழுவதும் அவன் வீட்டு ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கிறது. திறந்தான். நிறுவனத்தின் சின்னம் வந்தது, இசை வந்தது, சர்வரோடு இணைப்பதாக ஒரு வரி வந்தது. வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெட்டி: இணைப்பைச் சரிபார்க்கவும். அதன் கீழே மீண்டும் முயல ஒரு பொத்தான், வெளியேற ஒரு பொத்தான். "நான் யார் கூடயும் சேர்ந்து ஆடலணா. நான் மட்டும்தான் ஆடறேன். இதுக்கு எதுக்குணா நெட்டு?" என்று என்னைக் கேட்டான்.

அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

பத்துப் பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கு இணையம் வேண்டும். அதில் யாருக்கும் சண்டை இல்லை. நான் சொல்வது ஒருவரே ஆடும் ஆட்டம். கதை உண்டு, பாதை உண்டு, எதிரிகளும் உண்டு. ஆனால் எதிரில் இன்னொரு மனிதர் இல்லை. அந்த ஆட்டமும் ஆடுகிற நேரமெல்லாம் நிறுவனத்தின் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஒரு ஏற்பாடு. திருட்டுப் பிரதியைத் தடுப்பதற்கான பூட்டு என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள். ஆட்டத்தின் ஒரு பகுதியைத் தங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்வார்கள். நீங்கள் எதுவரை ஆடினீர்கள் என்ற 'சேவ்' கூட அங்கேதான் இருக்கும். கம்பி அறுந்தால் ஆட்டம் நின்றுவிடும்.

இதை முழு வீச்சில் கொண்டுவந்தது பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம். 2010 மார்ச்சில் 'அசாசின்ஸ் கிரீட் 2' கணினிக்கு வந்தது. இணைப்பு துண்டித்தால் ஆட்டம் நிற்கும். முதலில் வந்த வடிவத்தில் கடைசிச் சோதனைப் புள்ளிக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது. வெளியான சில நாட்களிலேயே அவர்களுடைய சர்வர்மீது இணையத் தாக்குதல் நடந்தது. முறையாகக் காசு கொடுத்து வாங்கியவர்கள் ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பு வலுத்து, 2012இல் அந்த நிறுவனமே இந்த ஏற்பாட்டைக் கைவிட்டதாக அறிவித்தது. அதோடு கதை முடியவில்லை.

2012 மே 15 அன்று 'டயாப்லோ 3' வந்தது. உலகம் முழுவதும் வாங்கியவர்கள் திறந்தபோது 'எரர் 37' என்ற செய்திதான் வரவேற்றது. தனியாக ஆட நினைத்தவர்களும் வாசலில்தான் நின்றார்கள். மறு ஆண்டு அதே ஆட்டம் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளுக்கு வந்தபோது இணையம் இல்லாமலே ஓடியது. 2013 மார்ச்சில் 'சிம்சிட்டி'. நாமே ஒரு நகரத்தைக் கட்டி ஆளும் ஆட்டம். நகரத்தின் கணக்குகளில் கணிசமான பகுதி சர்வரில் நடப்பதால் இணையம் இன்றி ஓடவே ஓடாது என்று அதை வெளியிட்டவர்கள் சொன்னார்கள். வெளியான அன்றே சர்வர்கள் திணறின. சமாதானமாக வாங்கியவர்களுக்கு வேறொரு ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், இணையமில்லாமல் ஆடும் முறையைக் கொண்டுவந்தார்கள். முடியவே முடியாது என்றது முடிந்தது. 2022 மார்ச்சில் 'கிரான் டூரிஸ்மோ 7' கார் பந்தய ஆட்டம் 30 மணி நேரத்துக்கும் மேலாக முடங்கிக் கிடந்தது. தனியாக ஆடும் பகுதிகளில் பெரும்பாலானவையும் அதோடு சேர்ந்து முடங்கின.

இவையெல்லாம் தற்காலிகத் தடங்கல்கள். நிரந்தர மரணம் ஒன்று இருக்கிறது. 2014 டிசம்பரில் வந்த 'தி க்ரூ' என்ற ஆட்டம். அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைந்து, கரையிலிருந்து கரைக்குக் கார் ஓட்ட விட்ட ஆட்டம். ஒருவர் தனியாகவே ஆடி முடிக்கக்கூடிய கதையும் அதில் இருந்தது. 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் சர்வரை அணைத்தது. அன்றிலிருந்து கையில் டிஸ்க் வைத்திருப்பவரும் ஆட முடியாது. பிறகு சிலரின் கணக்கிலிருந்து அந்த உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். கடையில் காசு கொடுத்து, அட்டைப் பெட்டியோடு வாங்கி வந்த பொருளுக்கு நடந்தது இது.

நம் பகுதியில் இதைப் புரியவைக்கப் பெரிய விளக்கம் தேவையில்லை. வடசென்னையில் காரம் போர்டு இல்லாத தெரு ஏது? இங்கிருந்து போன காரம் வீராங்கனை காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தார். போர்டு செய்த தச்சர் கடையை மூடிவிட்டார் என்பதற்காக நம் வீட்டுப் போர்டில் காய் நகராமல் போனதுண்டா? அவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஸ்ட்ரைக்கரைத் தொட வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்த ஊர் ஏற்குமா?

நிறுவனங்களின் நியாயத்தையும் கேட்க வேண்டும். திருட்டுப் பிரதி உண்மையான பிரச்சினை. திருட்டு சிடி விற்ற பர்மா பஜாரை அறியாதவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். 2000களின் முற்பாதியில் பிரவுசிங் சென்டர்களில் நம் பிள்ளைகள் ஆடிய வைஸ் சிட்டி, ஐ.ஜி.ஐ., ரோட் ராஷ் ஆகியவற்றில் எத்தனை காசு கொடுத்து முறையாக வாங்கிய பிரதிகள் என்று நமக்கே தெரியும். ஓர் ஆட்டத்தை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். அந்த உழைப்புக்குக் கூலி போய்ச் சேர வேண்டும். தொழிலாளர் குடும்பங்களில் பிறந்த நாம் அதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது.

ஆனால் இந்தப் பூட்டு யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள். பூட்டை உடைத்துத் திருட்டுப் பிரதி ஒன்று வெளிவந்துவிட்டால், அதை ஆடுபவருக்கு நெட் தேவையில்லை, லாகின் தேவையில்லை; புயலிலும் ஆடலாம், சர்வரை அணைத்த பிறகும் ஆடலாம். நேர்மையாகக் காசு கொடுத்தவர்தான் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு நிற்கிறார். நேர்மையாளருக்கு மட்டமான பொருள், திருடனுக்கு நல்ல பொருள் என்று ஆக்கிவைக்கும் ஏற்பாடு திருட்டைக் குறைக்குமா, வளர்க்குமா?

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2015 மே மாதம் 'தி விட்சர் 3' ஆட்டத்தை வெளியிட்டபோது, தன்னுடைய ஜி.ஓ.ஜி. கடையில் எந்தப் பூட்டும் இல்லாமல் முதல் நாளே விற்றது. வாங்கியவர் கோப்பைத் தன் டிஸ்கில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். எந்தக் கணினியிலும் போடலாம். அந்த ஆட்டம் எல்லாத் தளங்களிலும் சேர்த்து 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாக 2023இல் அறிவித்தார்கள். பூட்டு இல்லாவிட்டால் தொழிலே அழிந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

இந்த ஏற்பாடு நம்மைப் போன்ற ஊர்களை இரட்டிப்பாக வாட்டுகிறது. முதலாவது இணைப்பு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான கடலடி கேபிள் 2002இலேயே வந்துவிட்டது. உலகத்து இணையம் நம் கடற்கரையில்தான் கரையேறுகிறது. ஆனால் 2015 வெள்ளத்தில், 2016 டிசம்பர் 12இன் வர்தா புயலில், மிக்ஜாமில் நம் வீட்டுக்கு வரும் கடைசி ஐந்நூறு மீட்டர் கம்பிதான் அறுந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் உயரமாகச் சரக்கு ஏற்றிய லாரி இழுத்துக்கொண்டு போனாலும் அறுகிற கம்பி அது. புயல் மட்டும் காரணம் என்றும் சொல்ல முடியாது. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அரசு ஆணையால் இணையம் நிறுத்தப்பட்டது. அந்தத் துயரத்தின் முன் வீடியோ கேம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஒரே ஆணையில் மூன்று மாவட்டங்களுக்கு இணையம் நின்றுபோகக்கூடிய நாட்டில், வீட்டிலிருக்கும் பொருளையும் அதோடு சேர்த்துக் கட்டிவைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை அது காட்டுகிறது.

இரண்டாவது விலை. புதிதாக வரும் பெரிய ஆட்டம் ஒன்று இன்று 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை விற்கிறது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் ஒருவருக்கு அது எத்தனை நாள் கூலி? அதனால்தான் நம் தெருக்களில் ஒரு டிஸ்க் நாலு வீட்டுக்குப் போய் வரும். ஆடி முடித்தபின் ரிச்சி தெருவில் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கி வருவார்கள். ஆட்டத்தை ஒருவரின் கணக்கோடும் சர்வரோடும் பூட்டிவிட்டால் இந்தக் கைமாற்றும் மறுவிற்பனையும் அழிந்துபோகும். 2013இல் மைக்ரோசாஃப்ட் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' கருவியை அறிவித்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் வந்து பதிவு சொல்ல வேண்டும், டிஸ்கைக் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டு என்றார்கள். ஆட்டக்காரர்கள் கொந்தளித்தார்கள். ஜூன் 19 அன்று, கருவி சந்தைக்கு வரும் முன்பே, நிறுவனம் பின்வாங்கியது. மக்கள் பேசினால் கேட்பார்கள் என்பதற்கு அது சாட்சி.

இங்கே நூலகத்தில் நின்று சொல்ல வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் புத்தக ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் நாட்டின் நான்கு நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அதில் ஒன்று எழும்பூர் கன்னிமாரா. பதிப்பகம் மூடிப்போனாலும் புத்தகம் அங்கே இருக்கும். சினிமாவுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு தொடக்கத்தில் இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான 1931ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' ஒரு பிரதிகூட இல்லாமல் போய்விட்டது. அது கவனக்குறைவால் வந்த இழப்பு. சர்வரில் கட்டிய ஆட்டங்கள் ஒரு தேதியைக் குறித்து, அறிவிப்புக் கொடுத்து அழிக்கப்படுகின்றன.

வீடியோ கேம் நம் பண்பாட்டுக்கு அந்நியம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2023 ஜூலையில் கனடாவின் டொராண்டோவிலிருந்து 'வெண்பா' என்ற ஆட்டம் வந்தது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. அழிந்த எழுத்தை ஊகித்து, இட்லியையும் புட்டையும் பிரியாணியையும் நாம் சமைத்துப் பார்க்க வேண்டும். மகன் தமிழிலிருந்து விலகிப் போவதும் திரும்ப வருவதும் கதையின் உயிர். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விழாவில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. தனியாக ஆடும் ஆட்டம் அது. ஆடச் சர்வர் எதுவும் தேவையில்லை. 50 ஆண்டு கழித்து ஒரு பேத்தி அதைத் திறந்து ஆட வேண்டும். நாளை நம் துறைமுகத்தைப் பற்றி, நம் கரையோர வாழ்க்கையைப் பற்றி ஒரு தமிழ் ஆட்டம் வரும்போது, அதன் ஆயுளை ஒரு நிறுவனத்தின் மின்சாரக் கட்டணத்தோடு கட்டிவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? நிறுவனங்கள், நீங்கள் பொருளை வாங்கவில்லை, பயன்படுத்த அனுமதி மட்டும் பெற்றீர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கையெழுத்து வாங்குகின்றன. நம் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் வேறு விதமாகப் பார்த்திருக்கிறது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துக்கும் ஆந்திர அரசுக்கும் இடையிலான வழக்கில், சிடியில் பதிந்து கடையில் விற்கும் மென்பொருள் ஒரு சரக்குதான் என்று 2004இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. என்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில், உரிமம் என்று பெயர் வைத்திருந்தாலும் உள்ளே நடந்திருப்பது என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும், மென்பொருளுக்குக் கொடுத்த பணம் ஒரு சரக்கின் விலையே என்று 2021 மார்ச்சில் சொன்னது. இரண்டும் வரி வழக்குகள். ஆட்டம் வாங்கியவர் தொடுத்தவை அல்ல. ஆனால் வரி வாங்கும்போது சரக்கு, வாங்கியவர் உரிமை கேட்கும்போது வெறும் அனுமதியா என்று கேட்க நமக்கு இடம் இருக்கிறது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற ஒன்றை வரையறுக்கிறது. தகுந்த காரணமின்றி ஒரு தரப்பு தானாகவே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தரும் விதியும் அந்த வரையறைக்குள் வருகிறது. அப்படிப்பட்ட விதி செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையைத் திருடும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. அதே பிரிவு, சட்டம் தடை செய்யாத நோக்கத்துக்காகச் செய்வதை விலக்கி வைத்திருக்கிறது. முறையாக வாங்கிய மென்பொருளைப் பாதுகாப்புக்காகப் பிரதி எடுத்து வைக்க 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆயுதங்கள் சட்டப் புத்தகத்திலேயே இருக்கின்றன. எடுத்துப் பேச ஆள்தான் வேண்டும்.

மற்ற நாடுகளில் எடுத்திருக்கிறார்கள். 'டயாப்லோ 3' முடங்கியபோது தென்கொரியாவின் வர்த்தக ஆணையம் அதை வெளியிட்ட நிறுவனத்தின் சியோல் அலுவலகத்தில் சோதனை நடத்தியது. பிறகு அங்கே பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார்கள். வாங்குவது உரிமம் மட்டுமே என்றால் அதை விற்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற கலிஃபோர்னியாச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 'தி க்ரூ' அணைக்கப்பட்டதை அடுத்து ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் மனுவாக வளர்ந்து, 2025 ஜூலையில் 14 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. நிறுவனங்களும் இறங்கி வருகின்றன. 'ரெட்ஃபால்' என்ற ஆட்டத்தை உருவாக்கிய ஸ்டுடியோவை 2024 மே மாதம் மூடியபோது, கடைசி வேலையாக இணையமில்லாமல் ஆடும் முறையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேலை இழந்த நிலையிலும் அந்தத் தொழிலாளர்களால் செய்ய முடிந்ததை, லாபத்தில் ஓடும் நிறுவனங்களால் செய்ய முடியாதா?

ஆட்டம் ஆடாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடோபி 2013இலும், வரைபட மென்பொருள் விற்கும் ஆட்டோடெஸ்க் 2016இலும் ஒருமுறை வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் புதிய உரிமங்களை விற்பதை நிறுத்தத் தொடங்கி, சந்தா முறைக்கு மாறின. மணலியிலும் எண்ணூரிலும் வரைபடம் போட்டுப் பிழைக்கும் சிறு பட்டறைக்காரர் சந்தா கட்டாவிட்டால் மென்பொருள் திறக்காது. இன்று பிள்ளையின் விளையாட்டில் நடப்பது தகப்பனின் தொழிலிலும் நடக்கிறது.

ஆகவே நான் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. தனியாக ஆடும் ஆட்டம் இணையம் இல்லாமல் ஓட வேண்டும். சர்வர் கட்டாயம் என்றால், அது எந்தத் தேதி வரை உறுதியாக இயங்கும் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். சர்வரை அணைக்கும் முன், வாங்கியவர் தன் கணினியில் தொடர்ந்து ஆடுவதற்கான வழியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். திருட்டுப் பிரதிக்கு இவற்றில் எதுவும் இடம் தரவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, அடுத்த ஆட்டத்தை வாங்கும் முன் நெட் இல்லாமல் ஓடுமா என்று பார்த்து வாங்குங்கள். ஓடாது என்றால், ஓடும் ஆட்டத்துக்கு உங்கள் காசைக் கொடுங்கள். வாங்கிய ஆட்டத்தை அணைத்துவிட்டார்களா? பில்லை எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். புகாரைப் பதிவு செய்யுங்கள். விளையாட்டுதானே என்று விட்டுவிடாதீர்கள். உழைத்த காசில் வாங்கிய பொருள் அது. அதன்மேல் உங்களுக்கு இருக்கும் உரிமையைக் கேட்டுப் பெறுங்கள்.